வந்த வீட்டுக்கு மறுவீடு

மழை பொய்த்த மூன்றாவது வருசம், பங்குனி பிறந்து ஏழாம் நாள் காலையில், பூலாங்கண்மாய் ஊருக்கு ஒரு அரண்மனை வந்து சேர்ந்தது. மழை வரும் என்று வானத்தைப் பார்த்த ஊர், தண்ணி லாரி வரும் என்று ரோட்டைப் பார்த்த ஊர், அரண்மனை வரும் என்று எந்தப் பக்கமும் பார்க்கவில்லை; ஆனாலும் வாசலுக்கு வந்ததை ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் அந்த ஊருக்கு இல்லை. விடியும்போதுகூட நாலு சீமைக்கருவேல மரமும் வெடித்த கரம்பை மண்ணும் மட்டும் கிடந்த கண்மாய் நடுவில், மூன்று மாடி உயரத்தில், சுண்ணாம்பு வெள்ளையில், மூலைக்கொரு கோபுரமும் அதன் தலையில் பச்சை பூத்த செப்புத் தகட்டுக் குல்லாவுமாக, கூரை முழுக்கப் பனி உறைந்து, வெகுதூரம் வண்டி இழுத்து வந்த மாடு மாதிரி அது லேசாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

முதலில் பார்த்தவள் முனீஸ்வரி. பத்து மாதக் கைப்பிள்ளை கவினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் கண்மாய்க்குள் அவிழ்த்துவிட்ட ஆட்டைக் கறக்க ஓட்டிப்போக வந்தவள், கரை மேல் ஏறி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "ஐயையோ, என் ஆடு!" என்பதுதான்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தை மாதம் வந்த காமாலையில் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிப் போனது. கீழாநெல்லி கொடுத்து உயிரை மீட்டார்கள், பாலை மீட்க முடியவில்லை. அன்றிலிருந்து, நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த சுட்டி என்கிற அந்தச் செவலை ஆடுதான் கவினிக்கு இன்னொரு தாய். இப்போது சுட்டியும் இல்லை, அது மேய்ந்த மண்ணும் இல்லை, அது உரசி நின்ற நாலு மரமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு அரண்மனை உட்கார்ந்திருக்கிறது. அரண்மனையா வந்து பால் கறக்கும்?

கொஞ்ச நேரத்தில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியும் தட்டுமாக வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் தோண்ட வேண்டிய இடத்தில்தான் அது நின்றது. முனீஸ்வரியின் மாமியார் பஞ்சவர்ணம், அந்தக் கூட்டத்திலேயே வாய் நீளமானவள், தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"வந்தது வந்துருச்சு. நிழலாச்சும் குடுக்குதே. உக்காருங்கத்தா."

எல்லோரும் நிழலில் உட்கார்ந்தார்கள். அந்த நிழல் வேப்பமர நிழலைவிடக் குளிர்ச்சியாக இருந்தது என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

அப்போது இரண்டாம் மாடியில் ஒரு சன்னல் திறந்தது. கையில் துடைக்கிற துணியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வெளியே பார்த்தாள். சன்னலைச் சாத்தினாள். மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு உள்ளே தடதடவென்று படி இறங்குகிற சத்தம் கேட்டது. பெரிய கதவு திறந்தது. கம்பளி மேல்சட்டையும் கம்பளிக் காலுறையுமாக அவள் வெயிலுக்கு வந்து நின்றாள். வயது முப்பதுக்குள். மஞ்சள் முடி. ஊரைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், தட்டின் மேல் உட்கார்ந்திருந்த இருபது பெண்களைப் பார்த்தாள்.

மற்றவர்கள் எல்லோரும் அவள் முடியைப் பார்த்தார்கள். முனீஸ்வரி மட்டும் அவள் மார்பைப் பார்த்தாள். மேல்சட்டை திறந்திருந்த இடத்தில், சட்டையில் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக ஈரம் ஊறியிருந்தது. அந்த ஈரம் எப்படி வரும் என்று பிள்ளை பெற்றவளுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இடுப்பிலிருந்த கவினி பசியில் ஒரு குரல் கொடுத்ததும் அந்த வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே வந்ததை முனீஸ்வரி கண்ணால் கண்டாள்.

'இவளும் கைப்பிள்ளைக்காரி. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். வந்த இடத்தில், வேலை பார்த்த வீடே அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.'

அவ்வளவும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் பேர் மாலின் என்பதும் (முனீஸ்வரி வாயில் அது மாலினி ஆனது), அது சுவீடன் நாட்டு அரண்மனை என்பதும், அதைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் வேலை என்பதும் விளங்கத்தான் மூன்று நாள் ஆனது.

மாலின் கையை நீட்டினாள். கவினியைத் தரச் சொல்லி நீட்டினாளா, அழுகிற பிள்ளையைக் கண்டு தன்னால் நீண்ட கையா, யாருக்குத் தெரியும். முனீஸ்வரி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். சாதி என்ன, சனம் என்ன என்று ஆரம்பிப்பாளோ என்று பயம்.

"என்னாத்துக்கு என்னையப் பாக்குற?" என்றாள் பஞ்சவர்ணம். "பசிச்ச வாய்க்குப் பாலு வந்து நிக்குது, பிள்ளையக் குடு ஆத்தா."

அரண்மனை வாசற்படியில் உட்கார்ந்து மாலின் பால் கொடுத்தாள். கவினி மடமடவென்று குடித்தது. மாலினின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, மேலே கூரையிலிருந்தும் தண்ணீர் இறங்கியது, இரண்டையும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

*

கூரைத் தண்ணீர்தான் ஊரின் வயிற்றில் பால் வார்த்தது. அந்த அரண்மனை வரும்போதே தன் தலைக்கு மேல் ஒரு பந்தல் அகலத்துக்குச் சொந்த வானத்தையும் கொண்டுவந்திருந்தது. ராத்திரியெல்லாம் அந்தத் துண்டு வானம் பனி கொட்டும், பகலெல்லாம் ராமநாதபுரத்து வெயில் அதை உருக்கும், உருகினது செப்புக் குழாய் வழியாக இறங்கி, அரண்மனையைச் சுற்றியிருந்த அகழியை நிறைத்து, அகழி வழிந்து கண்மாய்க்குள் பரவும். நாலாம் நாள் கணுக்கால் அளவு நின்றது; நூறு நாள் வேலைப் பெண்கள் கரையிலிருந்து வாசல் வரை மண் கொட்டி ஒரு பாதை உயர்த்தினார்கள். எட்டாம் நாள் கொக்கு வந்தது. ஊரில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. கொக்கே கேட்கவில்லை, நமக்கென்ன?

அதிகாரிகள் வந்தார்கள். சங்கிலி பிடித்து நாலு பக்கமும் அளந்தார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்று எழுதி, பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு மணி நேரம் குளிர்ச்சியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு வந்தார்கள். மாலினை ஊருக்கு அனுப்ப வழி கேட்டபோது, பாஸ்போர்ட் இருக்கிறதா என்றார்கள். காலையில் சைக்கிளில் மூன்று மணி நேர வேலைக்கு வந்தவள் பாஸ்போர்ட்டையா எடுத்து வருவாள்? எழுதிப் போட்டால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

"எங்கிட்ட பாஸ்போர்ட்டு இருக்கு, நான் எங்கயும் போகல. அது பாஸ்போர்ட்டு இல்லாமலே வந்துருச்சு," என்றான் முனீஸ்வரியின் புருசன் வில்லாயுதம். கொத்தனார். சிங்கப்பூர் போவதற்காக ஆறு வருசம் முன்னால் எடுத்த பாஸ்போர்ட் தகரப் பெட்டியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கையில் ஆரம்பித்த வீடு, மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு, பூச்சு இல்லாமல் நிற்கிறது.

போனும் உதவவில்லை. யார் போனில் மாலின் வீட்டு எண்ணைப் போட்டாலும் மணி போகும், எடுக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் ஹோவென்று காற்றுதான். பக்கத்து ஊருக்குப் போட்டாலே பூலாங்கண்மாயில் அப்படித்தான் கேட்கும் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலின் மட்டும் நாளுக்குப் பத்து தடவை போட்டாள். போனில் இருந்த பிள்ளை படத்தை எல்லோருக்கும் காட்டினாள். ஒன்பது மாதம், பெண்பிள்ளை, பேர் அல்வா.

"அல்வாவா?" என்று பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நல்ல பேருத்தா. கேட்டதும் நாக்கு இனிக்குது."

அல்வாவுக்கு என்று அன்றைக்கே ஆளுக்கொரு முடிச்சுக் கயிறு கட்டி, முத்திருளப்பர் கோயில் வேலில் தொங்கவிட்டார்கள். மாலின் எதற்கெடுத்தாலும், "தாக், தாக்" என்பாள். நன்றி என்று அர்த்தமாம். இது என்ன பழக்கம் என்று முனீஸ்வரிக்குச் சிரிப்பாக வரும். கஞ்சி கொடுத்தால் தாக், முருங்கைக் கீரை கொடுத்தால் தாக், வழியை விட்டால் தாக். பூலாங்கண்மாயில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. குழம்பு வந்த கிண்ணத்தைக் கழுவி, வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்காமல் நாலு கத்திரிக்காயோ ஒரு பிடி கடலையோ போட்டுக் கொடுத்தால் அதற்குப் பேர்தான் அங்கே நன்றி.

*

பிறகு சனம் வந்தது. பரமக்குடியிலிருந்து, கமுதியிலிருந்து, சாயல்குடிக் கடற்கரையிலிருந்து ஷேர் ஆட்டோவிலும் வேனிலும் டிராக்டரிலும் வந்தது. வாசலில் கோயிலில் விடுகிற மாதிரி எல்லோரும் செருப்பை விட்டுவிட்டு நுழைந்தார்கள். அதைப் பார்த்து மாலினுக்கு அப்படி ஒரு சந்தோசம். தங்கள் ஊரிலும் வீட்டுக்குள் செருப்பு கிடையாது என்று சைகையில் காட்டினாள். உள்ளே குளிர் பல்லைக் கிட்ட வைத்ததால் ஊர் முழுக்க இருந்த ஜமுக்காளமும் போர்வையும் வாசலில் வந்து அடுக்கப்பட்டன. மோர் விற்க வந்தவர் மறுநாளே சுக்குக் காப்பிக்கு மாறிவிட்டார்.

சுற்றிக் காட்டுகிற வேலையில் முனீஸ்வரி பாதி ஆளானாள். பூலாங்கண்மாய்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்து, ஆங்கிலத்தில் முப்பத்தேழு மார்க் வாங்கியவள். அரண்மனை பற்றி அச்சடித்திருந்த தாளின் ஆங்கிலப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், மிச்சத்தை மாலின் கையாலும் கண்ணாலும் சொல்வாள், அதற்கும் மிச்சம் இருப்பதை முனீஸ்வரி தானாகவே சொல்லிவிடுவாள். பிள்ளை மாலின் இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்கும், அவள் இடுப்பிலிருந்து மாலின் இடுப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

"பாத்து வாங்க, படி வழுக்கும். இது எக்கென்ஹோல்ம் அரமனை. கட்டி முந்நூத்தி எண்பது வருசம் ஆகுது. கட்டுனவரு நில்ஸுன்னு ஒரு தளபதி, இந்தப் படத்துல மீசையோட நிக்கிறாரு பாருங்க, இவருதான். பக்கத்துல அவர் சம்சாரம் பிரிட்டா. கழுத்துல ஒண்ணும் இல்லியேன்னு கேக்காதீங்க, அவுக வழக்கம் அது. நெத்தியில பொட்டு யாரு ஒட்டுனான்னும் கேக்காதீங்க, போன வாரம் கமுதிக்கார அக்கா ஒட்டுனது. மாலினி வேணாங்கல."

பூப்போட்ட ஓடு பதித்து உத்தரம் வரை உயர்ந்த கணப்படுப்புகளைக் காட்டுவாள். சமையல்கட்டில் ஆள் நிற்கிற அளவு அடுப்பைக் காட்டுவாள். ஒரு தட்டு அகலத்தில் சின்னச் சின்னச் சாமானோடு இருந்த பொம்மை வீட்டைக் காட்டினால் பிள்ளைகள் நகராது. கோடைகாலத்தில் மாலினுடைய ஊருக்கு எங்கெங்கிருந்தோ சனம் வந்து, மரங்களுக்கு நடுவே நடந்து, இந்தச் சமையல்கட்டில் பட்டை மணக்கிற சுருட்டு ரொட்டி தின்று, மாடியில் நின்று ஏரியைப் பார்ப்பார்களாம். இங்கே மாடியில் நின்றால் கண்மாய் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆனால் சனம் ரெண்டாம் தடவை வந்ததெல்லாம் மேல்மாடிக் கூடத்துக்காகத்தான். அந்தக் கூடம் முடியாத கூடம். சுவரில் பாதிக்குப் பூச்சு, மீதி வெறும் செங்கல். சாரம் அப்படியே நின்றது. தரையில் வரிசையாக மட்டப்பலகை, தூக்குக்குண்டு, காய்ந்த சுண்ணாம்பு ஒட்டிய கரண்டிகள்.

"சண்டைக்குப் போன தளபதி திரும்பல. பூச்சு நடக்குற மத்தியானத்துல சேதி வந்துச்சாம். கொத்தனாருங்க கரண்டியக் கீழ வச்சாங்க. இதை முடிக்க வேணாம்னுட்டாக அந்தம்மா. அதுக்கப்புறம் முப்பத்தோரு வருசம் இருந்து இந்த வீட்டை ஆண்டுருக்காக. பஞ்சத்துல களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கெல்லாம் தானியம் போட்டுருக்காக. இந்த ஒரு கூடத்தை மட்டும் யாரையும் தொட விடல. நம்ம ஊருல கம்பி நீட்டிக்கிட்டு நிக்குற வீடெல்லாம் பாத்துருப்பீங்கள்ல? அரமனைக்கும் அதே கதைதான்."

துபாயில் புருசனை விட்டிருந்த ஒருத்தி அந்தச் செங்கல் சுவரில் கை வைத்தபடி அரை மணி நேரம் நின்றாள். வில்லாயுதம் ஒருநாள் வந்து, குனிந்து, அந்தக் கரண்டியைத் தொடாமல் பார்த்துவிட்டு, "என் கரண்டி மாதிரியேதாம்புள்ள இருக்கு," என்றான். அன்று ராத்திரி கம்பி நீட்டிய தன் வீட்டைப் பார்த்து அவன் வழக்கமாக விடுகிற பெருமூச்சை விடவில்லை.

*

எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்றே ஒன்றுதான் ஊருக்கு உறுத்தல். வந்த வீடு தரையில் படியவில்லை.

முதல் நாள் ஒரு விரற்கடை இடைவெளி. ஐந்தாம் நாள் நாலு விரல். பத்தாம் நாள் ஒரு சாண். ஒரு கோழி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. தினமும் காலையில் மாலின் அடிச்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் கையை விட்டு அளந்து பார்ப்பாள். அளந்துவிட்டு எழும்போது அவள் முகத்தில், தூரத்தில் பஸ் சத்தம் கேட்டவளுடைய முகம் இருக்கும். ஊரோ அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது.

"எப்புடிப் படியும்?" என்றார் ஊர்த்தலைவர் இருளாண்டி. "புது இடத்துக்கு வந்துருக்கு. பால் காய்ச்சுனாங்களா? வாசல்ல ஒரு தேங்காயாச்சும் உடைச்சாங்களா? ஒண்ணுமே செய்யாம விட்டா வீடு அந்தரத்துலதான் நிக்கும். தப்பு நம்மளது."

எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, பசுவையும் கன்றையும் அந்தப் பெரிய கதவு வழியாகச் சமையல்கட்டு வரை ஓட்டிவந்து, முந்நூற்று எண்பது வருசத்து அடுப்பில் புதுப்பானை ஏற்றினார்கள். காய்ச்ச முனீஸ்வரியைத்தான் கூப்பிட்டார்கள். கைப்பிள்ளைக்காரி, காமாலையிலிருந்து எழுந்தவள், கைராசி. அவளும் மனதார, இந்த வீடு கொடுத்த தண்ணீருக்கும் பாலுக்கும் இதுதான் தன் கத்திரிக்காய் என்று நினைத்துக்கொண்டு காய்ச்சினாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. குலவைச் சத்தம் கோபுரத்தில் ஏறியது. அந்தக் குலவை அடங்குவதற்குள், சுமையை இறக்கி வைத்த பாரவண்டி மாதிரி, வந்த வீடு ஒரு பெருமூச்சு விட்டு, தொம்மென்று மண்ணில் உட்கார்ந்தது.

ஊரே கைதட்டியது. முனீஸ்வரி சிரித்துக்கொண்டே திரும்பி மாலினைத் தேடினாள். மாலின் வெளியே ஓடிப்போய், சுவரோரம் முழங்காலிட்டு, கையை நுழைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். நகம்கூட நுழையவில்லை. எழுந்திருக்காமல் அப்படியே மண்ணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள் பரவின.

முனீஸ்வரிக்கு நெஞ்சுக்குள் பானை உடைந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் பன்னிரண்டு நாளாகக் கவினிக்குப் பால் கொடுத்துக்கொண்டு, இந்த வீடு எழும்பக் காத்துக்கொண்டிருந்தாள். அதன் காலைக் கட்டிப்போட்டது தன் கை.

*

அடுத்த ஒரு வாரம் மாலின் சுற்றிக் காட்ட வந்தாள், சிரித்தாள், பால் கொடுத்தாள், தாக் சொன்னாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் அவள் போனைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டிருந்தபோது, முனீஸ்வரியும் பக்கத்தில் போய்க் காதை வைத்தாள். ஹோவென்று காற்று. காற்றுக்குள் தூரமாக ஒரு கத்தல்.

"ஏங்க! இங்க வாங்க! நம்ம சுட்டி!"

வில்லாயுதம் கேட்டுப் பார்த்தான். "ஆடுதான் கத்துது. அதுக்காக நம்ம ஆடா?"

"தினம் கறக்குறவ நான். மடியில கை வச்சதும் ரெண்டு தடவ இழுத்துக் கத்தும், மூணாவது அடங்கும். கேளுங்க. ரெண்டு. பாத்தீங்களா, அடங்கிருச்சு! யாரோ கறக்குறாங்க! இந்த வீடு இங்க வந்துச்சுல்ல, நம்ம மண்ணு அங்க போயிருக்கு."

"ஆடே வெளிநாடு போயிருச்சு, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்," என்று அவன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் காலையிலேயே முனீஸ்வரி முத்திருளப்பர் கோயில் முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னாள். கூட்டத்தில் வாய் திறந்து அவளுக்குப் பழக்கமில்லை. கவினியை மாமியார் மடியில் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"வந்த வீட்டைத் திருப்பி அனுப்பணும் மாமா."

இருளாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "கண்மாய் பாதி நிறைஞ்சுருக்கு. இன்னும் பத்து நாள் இருந்துச்சுன்னா மடை வரைக்கும் ஏறிரும். மூணு வருசமாத் தரிசாக் கிடக்குற வயலு. இதைச் சொல்ல உனக்கு எப்புடித்தா மனசு வந்துச்சு? அனுப்பிட்டா உம் பிள்ளைக்குப் பாலு?"

"எம் பிள்ளை இருபது நாளு அடுத்த பிள்ளை பங்கைக் குடிச்சுருச்சு மாமா. போதும்."

"உன் ஆடு அங்கதான் இருக்குங்குற. அந்தப் பிள்ளைக்கு அது பால் குடுக்கும். சரியாப் போச்சுல்ல?"

"ஆடு பால் குடுக்கும். தாலாட்டுமா?"

மரத்தடியில் பிள்ளையோடு நின்ற நாலு பெண்கள் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"சரித்தா," என்று பஞ்சவர்ணம்தான் ஆரம்பித்தாள், "பால் காய்ச்சி உக்காந்த வீட்டை எந்திரிச்சுப் போன்னு சொன்னா ஊருக்கு ஆகுமா?"

"எந்திரிச்சுப் போன்னா அத்தை சொல்றேன்? மறுவீடு அனுப்புவோம்ங்கிறேன். நான் உங்க வீட்டுக்கு வந்து பால் பழம் சாப்பிட்டு உக்காந்தவதான. அதுக்கப்புறம் எங்க ஊருக்கு மறுவீடு போகலியா?"

"போன. மூணு நாள்ல வாரேன்னு போயி பதினஞ்சு நாளு உங்க ஆத்தா வீட்டுலயே கிடந்த."

கூட்டம் சிரித்தது. இருளாண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகு ஒரு தலைவரால் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு இருக்க முடியும்?

"வந்தேன்ல அத்தை," என்றாள் முனீஸ்வரி. "பதினஞ்சு நாள் கழிச்சாலும் வந்தேன்ல?"

*

மறுவீட்டுக்குச் சீர் இல்லாமலா? கிண்ணத்தையே வெறுமனே திருப்பாத ஊர், அரண்மனையை வெறுமனே திருப்புமா? முண்டு மிளகாய் மூட்டையில் வந்தது. கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வந்தது. வாழைத்தார், மஞ்சள் கிழங்கு, கடலை, அதிரசம், முறுக்கு, கோரைப்பாய், ஒரு தூக்குவாளி நிறைய அதே கண்மாய்த் தண்ணீர் என்று ஐம்பத்தோரு தட்டு. கமுதிக்கார அக்கா, பிரிட்டா அம்மாவின் பொட்டு காய்ந்து விழுந்தால் மாற்றி ஒட்ட ஒரு அட்டை பொட்டு கொண்டுவந்தாள். அதிகாரிகள் ஒட்டிய தாளைக்கூடக் கிழிக்காமல், அதன் மேல் ஒரு மாவிலையைச் செருகினார்கள். வில்லாயுதம் மேல்மாடிக் கூடத்துக்குப் போய், அந்தப் பழைய கரண்டிகளின் வரிசைக் கடைசியில் தன் கரண்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

முனீஸ்வரியிடம் கொடுக்க எதுவும் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, கவினியின் இடுப்பில் கட்டியிருந்த கருப்புக் கயிற்றின் ஒரு முனையை அறுத்து, மாலினின் மணிக்கட்டில் கட்டினாள்.

"அல்வாவுக்கு. கண்ணு படாம இருக்கும்."

மாலின் கடைசியாகக் கவினிக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, எழுப்பாமல் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே போய் வாசலில் திரும்பி நின்று, நெஞ்சில் கை வைத்து, "தாக்," என்றாள். வீடு அசையவில்லை. மறுபடி சொன்னாள். அசையவில்லை. ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

முனீஸ்வரிதான் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, போறவ சொல்ல வேண்டியதைச் சொல்லாம வீடு எப்புடிப் போகும்? மாலினி! இங்க பாரு. எம் பின்னாடியே சொல்லு. போயிட்டு வாரேன்."

மாலின் உதட்டைக் குவித்துச் சொல்லிப் பார்த்தாள்.

"சத்தமாத்தா. ஊருக்குக் கேக்கட்டும். போயிட்டு வாரேன்."

"போயித்து வாரேன்!" என்று மாலின் வாசலில் நின்று கத்தினாள்.

"போயிட்டு வாத்தா!" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

வந்த வீடு எழுந்தது. முதலில் ஒரு விரற்கடை. பிறகு நாலு விரல். பிறகு ஒரு சாண். சமையல்கட்டிலிருந்து பால் தீய்ந்த வாசனையும் கருப்பட்டி வாசனையும் கலந்து வந்தது. கூரைப் பனி மொத்தமும் ஒரே சரிவாகச் சரிந்து கண்மாய்க்குள் விழுந்தது. விழுந்த வேகத்தில் தண்ணீர் எழும்பி, மண் பாதையைக் கரைத்து, கரை வரை நின்றவர்களை நனைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அங்கே வீடு இல்லை.

இருந்தது பழைய மண். போன இடத்திலிருந்து திரும்பி, தண்ணீருக்கு நடுவில் திட்டாக நின்றது. நாலு சீமைக்கருவேல மரமும் நின்றன. முள்ளுக்கு முள் பனி பூத்து, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்றன. மரத்தடியில், சிவப்புக் கம்பளி நூலில் பின்னின சட்டை போட்டு, கழுத்தில் ஒரு துணிப்பை கட்டி, சுட்டி நின்றது. இடுப்பளவு தண்ணீரில் வில்லாயுதம் இறங்கிப் போய் அதைத் தோளில் தூக்கி வந்தான். மடி கனத்துத் தொங்கியது. இளைத்துப் போயிருக்கவில்லை, இரண்டு கிலோ கூடியிருந்தது.

பையில் கம்பளியில் சுற்றிப் பட்டை மணக்கிற சுருட்டு ரொட்டி இருந்தது, இன்னும் சூடாக. வெறும் பையாகத் திருப்பக்கூடாது என்று அந்த ஊருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கடியில் ஒரு படம். தாடிக்காரன் ஒருவன் பனியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு பெண்பிள்ளை பால்புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறது. பிள்ளையின் கால் சுட்டியின் முதுகில் சொகுசாகக் கிடக்கிறது.

முனீஸ்வரி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல், பூலாங்கண்மாயில் அதுவரை யாரும் யாருக்கும் சொல்லாத அந்த வார்த்தையை மாலினின் பாசையில் சொன்னாள். பிறகு சத்தமாக, "சொம்பை எடுத்து வாங்க, பிள்ளை எந்திரிக்கிறதுக்குள்ள கறக்கணும்," என்றாள். மடியில் கை வைத்ததும் சுட்டி இரண்டு தடவை இழுத்துக் கத்தியது. மூன்றாவது அடங்கியது.

கண்மாய் மடை வரை ஏறியிருந்தது, சரிந்த பனியின் புண்ணியத்தில். அந்த வருசம் கோடைச் சாகுபடியும் போட்டார்கள். திட்டில் மட்டும் யாரும் எதுவும் விதைக்கவில்லை. மறுவீடு போனவள் வந்து உட்கார இடம் வேண்டும்.

அடுத்த பங்குனி ஆறாம் நாள், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கவினி தத்தித் தத்திப் பின்னால் நடந்து வர, முனீஸ்வரி சுட்டியை அந்தத் திட்டுக்கு ஓட்டிப்போய்க் கட்டினாள். கட்டிவிட்டு, பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்திருந்த சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்து அதற்கு மாட்டிவிட்டாள். கரையிலிருந்து பஞ்சவர்ணம் கத்தினாள்.

"ஏத்தா, கிறுக்கு முத்திருச்சா? இந்த வெயில்ல ஆட்டுக்கு எதுக்குடி சட்டை?"

"போற இடத்துல குளிருமே அத்தை," என்றாள் முனீஸ்வரி.